நாரை டாக்டருக்கு எத்தனை மார்க்?

நான் ஒரு வெள்ளாடு. பெரிய படிப்பெல்லாம் இல்லை. ஆனாலும் எங்கள் காட்டுத் தலைவர் யானையார் என்னைத்தான் கூப்பிட்டுச் சொன்னார்: "நாரை டாக்டரிடம் ஒருதரம் காட்டிவிட்டு, அவர் வைத்தியம் எப்படி என்று வந்து சொல்லம்மா. சரியில்லை என்றால் அவரை அனுப்பிவிடலாம்."

எனக்கும் மூன்று வாரமாகக் காலில் வலி. நொண்டி நொண்டிப் போனேன். நாரை டாக்டர் என் குளம்பைத் தூக்கிப் பார்த்தார். அலகால் ஒரு முள்ளைப் பிடுங்கிப் போட்டார்.

"அவ்வளவுதாம்மா. போயிட்டு வாங்க."

"ஊசி போடலையா டாக்டர்?"

"தேவையில்லம்மா."

"கலர் மாத்திரையாவது?"

"அதுவும் வேண்டாம்."

"பத்தியம்? கத்தரிக்காய் சேர்த்துக்கலாமா?"

"எல்லாமே சாப்பிடுங்க."

எனக்கு மனசே ஆறவில்லை. மூன்று வாரம் நான் பட்ட பாட்டுக்கு அரை நிமிஷ வைத்தியமா? ஒரே ஓட்டமாக மலையுச்சிக்கு ஓடி, யானையார் முன்னால் போய் நின்றேன்.

"பத்துக்கு ஒரு மார்க்தான் ஐயா! அதுவும் பாவம் பார்த்துப் போடுறேன். ஊசி இல்லை, மாத்திரை இல்லை, இது என்ன வைத்தியம்?"

யானையார் என் காலையே பார்த்தார். "ஓடியாம்மா வந்தே? அப்போ கால் வலி?"

"அது பிள்ளையார் புண்ணியம் ஐயா. தினமும் ரெண்டு வேளை வேண்டிக்கிட்டேனே!"

யானையார் பெருமூச்சு விட்டார். "சரிம்மா, நாரை இங்கேயே இருக்கட்டும்."

எனக்கு வந்ததே கோபம்! துள்ளிக் குதித்துக்கொண்டே மலையிறங்கினேன்.