ஈயச் சர்க்கரை

சாயத் தொழிற்சாலையின் பாதுகாப்பு வார விழாவில் மேலாளர் பொய்யாமொழி முழங்கிக்கொண்டிருந்தார். ரசாயனங்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் சூட்டியது அவர்தான். இந்த ஆண்டின் பாதுகாப்பு நடவடிக்கையே அதுதான். பேச்சுவாக்கில், மேசைமேல் காட்சிக்கு வைத்திருந்த வெள்ளை விஷ உப்பில் இரண்டு கரண்டியைச் சர்க்கரையென்று அள்ளித் தன் காபியில் போட்டுக் கலக்கினார். ஒவ்வொரு முழக்கத்துக்கும் கோப்பை உதடுவரை போய்த் திரும்பியது. முன்வரிசை நெளிந்தது. ஆய்வகத்து ஸ்டெல்லாவால் அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

“சார், அது லெட் அசிடேட்!”

“தமிழ்ல சொல்லும்மா, தமிழ்ல.”

பதற்றத்தில் அவர் வைத்த பெயர்தான் அவள் வாயில் வந்தது. “ஈயச் சர்க்கரை சார்!”

“ஆகா! சொல்லும்போதே நாக்கு இனிக்குதில்ல?”

கூட்டம் வழக்கம்போலக் கைதட்டியது. கோப்பை மேலே போனது. ஸ்டெல்லா மேடைக்குத் தாவினாள்.