நீங்கள் இருக்கும் இடம்

வளைகுடாவின் விடுதிக் கட்டிலில் சாய்ந்தபடி எட்வின் சாப்பாடு வரவழைக்கும் இணையதளத்தைத் திறந்தான். எப்போது திறந்தாலும் அது அவன் இருக்கும் நாட்டை மோப்பம் பிடித்து அரபிப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். இன்று அறைத்தோழன் சொல்லிக்கொடுத்த, இருக்கும் இடத்தை மாற்றிக் காட்டும் விபிஎன்னைப் போட்டிருந்தான். ‘நீங்கள் நாகர்கோவிலில் இருக்கிறீர்கள்’ என்றது திரை. அந்தச் சந்தோஷத்தில், பதிந்து கிடந்த பழைய ஊர் வீட்டு முகவரிக்கே தோசை சொல்லிவிட்டான்.

சற்று நேரத்தில் போன் அடித்தது.

“அண்ணே, வாசல்ல நிக்கேன். வீடு பூட்டிக் கெடக்கே?”

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் அவன் போட்ட பூட்டு அது.

“கதவ ஒருக்கா தட்டுங்க தம்பி.”

“உள்ள ஆளு உண்டாண்ணே?”

போனுக்குள் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

“இந்தா வாறேன்” என்று கட்டிலிலிருந்து எழுந்தான்.