கொசுறு

"காப்பி வேணாம்க்கா. பால அப்படியே சொம்புல ஊத்து. காய்ச்சாத."

மீன்காரி சின்னப்பாப்பா சொம்பை நீட்டினாள். கமலவேணி மறுபேச்சில்லாமல் ஊற்றினாள். உள்ளே முகத்தில் சோப்பு நுரையோடு நின்ற இராமதாஸுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இது மூணாவது வெள்ளிக்கிழம! முன்ன ஒரு வாய் காப்பி. இப்ப அரை சொம்பு பாலு. நாளைக்கு மாட்டையே ஓட்டிக்கினு போவா!"

"வியாதிக்காரப் புள்ளய வச்சிக்கினு வாசல்ல சண்ட போடாதீங்க," என்றாள் மனைவி.

புள்ள என்றது நாயை.

இராமதாஸ் பழைய மரச்சாமான் வாங்கி விற்பவன். பத்து வயதில் தள்ளுவண்டி தள்ள ஆரம்பித்து, ஏமாந்து ஏமாந்தே தொழில் கற்றவன். குடும்பத்தோடு பிரான்சுக்குக் கிளம்பிய அந்துவான் என்ற பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரிடம் ஒரு தேக்கு அலமாரிக்குக் காலையிலிருந்து உச்சி வரை பேரம் பேசினான். எல்லாம் முடிந்து, "கொசுறு இன்னா குடுப்பீங்க?" என்று வேறு கேட்டான். அவர் வந்த எரிச்சலில், தூணில் கட்டியிருந்த நாய்க்குட்டியை அவிழ்த்துக் கையில் கொடுத்துவிட்டார்.

அலமாரி மறுவாரமே விற்றுப் போனது. குட்டி தங்கிவிட்டது. கொசுறு என்பதே பேராகவும் ஆகிவிட்டது.

அந்தக் கொசுறுக்குத்தான் போன மாதம் பின்தொடையில் கட்டி. மாட்டாஸ்பத்திரி டாக்டர் தணிகாசலம் அழுத்திப் பார்த்தார். ஊசியால் துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

"புத்துநோய்தான் இராமதாஸ். பயப்படாதீங்க, இந்த ரகம் மருந்துக்குக் கேக்கும். வாரம் ஒரு ஊசி, ஆறு வாரம்."

"நாலு வாரத்துல முடிச்சிக் குடுங்க டாக்டர்."

"என்கிட்ட பேரம் பேசலாம். கட்டிகிட்ட பேச முடியாதே!"

வாழ்க்கையில் முதல்முறையாக, சொன்னதைச் சொன்னபடி ஒத்துக்கொண்டு வந்து வீட்டுப் படியில் உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்துக் கூடையோடு வந்தவள் சின்னப்பாப்பா.

"இன்னாண்ணே, மூஞ்சி செத்துக் கெடக்கு?"

"கொசுறுக்குப் புத்தாம், சின்னப்பாப்பா."

"புத்தா!" அவள் நெஞ்சில் கை வைத்தாள். "அந்தக் காலி மனையில போயி எப்பப் பாத்தாலும் தோண்டிக்கினே இருக்குமே..."

"தோண்டும். இப்ப அதுவா பேச்சு?"

அவள் கூடையோடு திரும்பிப் போனாள். அந்த வாரத்திலிருந்துதான் இந்தப் பால்.

மூன்று ஊசியில் எலுமிச்சங்காய்க் கட்டி சுண்டைக்காயாகச் சுருங்கியது. கொசுறுக்குச் சோறு இறங்கியது, வாலாட்டம் திரும்பியது. இராமதாஸுக்கு வாய் திரும்பியது.

நாலாவது வெள்ளி.

"இன்னிக்கு நம்ப வீட்டுல கவுச்சி கெடையாது. தெரிஞ்சும் அவ வரான்னா பாலுக்குன்னே வரான்னு அர்த்தம். டீக்கடையில குடுத்துக் காசாக்கறா! கையும் களவுமா புடிக்கறேன் பாரு."

அவள் பாலோடு நகர்ந்ததும், சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். கொசுறும் ஓடி வந்தது.

சின்னப்பாப்பா டீக்கடையைத் தாண்டினாள். தெருக்குழாயடியில் மீன்கூடையை இறக்கி வைத்தாள். கவுச்சி போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு காலி மனைக்குள் நுழைந்தாள்.

அங்கே வேப்பமரத்தடியில், மஞ்சள் பூசிய பாம்புப் புத்து. மூன்று சுற்று சுற்றிவந்து பாலை ஊற்றினாள்.

"நாகாத்தம்மா, வாயில்லா ஜீவன் தெரியாம உன் புத்தத் தோண்டிடுச்சி. அது மேல கோவம் வச்சிக்காத. இன்னும் ரெண்டு வெள்ளி இருக்கு. அந்த ஆளு எவ்ளோ கத்தினாலும் ஊத்திடறேன்."

திரும்பியவள், அந்த ஆளைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ஏண்ணே பின்னாலயே வந்த? வெளிய சொன்னா பலிக்காதுன்னுதான் சொல்லல. நீதான சொன்ன, புத்துன்னு?"

அது வேற புத்து என்று சொல்ல வாயைத் திறந்தான். கொசுறு அவள் காலை நக்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா... புத்துக்கு முட்டையும் வைப்பாங்களே?"

"வைக்கணும்தான். அத வேற கேட்டா நீ ஆடித் தீத்துடுவியே!"

அடுத்த வெள்ளி, சின்னப்பாப்பா குரல் கொடுக்குமுன்பே இராமதாஸ் வாசலில் நின்றான். ஒரு கையில் பால் சொம்பு. மறு கையில் இரண்டு முட்டை.

"ஒண்ணு போதும்ண்ணே."

"ரெண்டையும் வை," என்றான் இராமதாஸ். "ஒண்ணு கொசுறு."