பதினொன்றாம் நம்பர் எழுதிய கருத்து

“இன்னிக்கும் பதினொண்ணாம் நம்பர் கதவைத் திறக்கலியா?” என்று பல்லைக் கடித்தார் ஹோட்டல் மேனேஜர்.

“இல்ல சார். ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ போர்டு தொங்குது. நாலு நாளா அதேதான்” என்றாள் அறைகளைச் சுத்தம் செய்கிறவள்.

“நீ ஏதாவது வாயைக் குடுத்தியா?”

“நான் எங்க சார் வாயைக் குடுத்தேன்? மூணு மாடி ஏறினா மூச்சு விடவே வாய் பத்தல.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பழைய நகரத்தின் நட்டநடுவில் இருநூறு வருஷத்துக் கட்டடம். புராதனச் சின்னமாம், லிஃப்ட் வைக்கச் சுவரை இடிக்கக் கூடாதாம். அதன் பெருமை வாளியோடு ஏறுகிறவளுக்குத்தான் தெரியும். கல்படிகள் நடுவில் தேய்ந்து பள்ளமாகிவிட்டன. அவளுடைய வலது முட்டியும் கிட்டத்தட்ட அதே கதிதான்.

ஆனால் அதைப் பற்றி அவள் மூச்சு விட்டதில்லை. கூட வேலை செய்தவள் இடுப்பு வலி என்று வாய்தவறிச் சொல்லப்போக, முதலாளி மறுநாளே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். “நான் நடத்துறது ஹோட்டலு, ஆஸ்பத்திரி இல்ல!”

இவள் வீட்டிலோ கணவர் படுத்த படுக்கை. இந்த வேலையும் போனால் அடுப்பு எரியாது.

இதில் பதினொன்றாம் நம்பர் தலைவலி வேறு. உள்ளே அப்படி என்னதான் செய்கிறார் மனுஷன்? அறை குப்பைமேடாகக் கிடந்தால் யார் தலை உருளும்?

மறுநாள் காலை அவரே பெட்டியோடு இறங்கி வந்தார். கருத்துப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடியே ஏதோ எழுதினார். அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“நீங்க கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டி ஏறுறதை முதல் நாளே பார்த்தேம்மா. மனசு கேக்கல. அதான் போர்டை மாட்டிட்டு நானே பெருக்கிக்கிட்டேன். புத்தகத்துலயும் எழுதியிருக்கேன். இனிமே உங்களுக்கு மாடி ஏற வேண்டிய வேலையே இருக்காது பாருங்க!”

நல்லது செய்த திருப்தியோடு போய்விட்டார்.

மேனேஜர் சத்தமாக வாசித்தார். “‘அறை பிரமாதம். ஆனால் முட்டி வலியோடு ஓர் அம்மாவை மூன்று மாடி ஏறவைப்பது பாவம்.’”

சாயங்காலம் முதலாளி வருவார். வந்ததும் முதலில் புரட்டுவது இந்தப் புத்தகத்தைத்தான்.

“எனக்கு ஒண்ணுமில்ல சார். அவர் ஏதோ தப்பாப் பார்த்திருக்கார்.”

மேனேஜர் அந்தப் பக்கத்தைச் சர்ரென்று கிழித்தார். நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“என்ன பார்த்துக்கிட்டே நிக்கிற? பதினொண்ணுக்கு மத்தியானம் வேற ஆள் வருது. போய்ப் பெருக்கு!” என்று எரிந்து விழுந்தார்.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.

“மெதுவா ஏறு” என்றார், தலை நிமிராமலே.