பத்தாவது பொத்தான்

மேசையின் வலப்பக்கம் ஒன்பது சட்டைப் பொத்தான்கள் சேர்ந்துவிட்டன. இடப்பக்கம் ஒன்றே ஒன்று மிச்சமிருக்கிறது. மகள் வயலின் பாடத்தைப் பிசகில்லாமல் ஒருமுறை வாசித்தால் அம்மா ஒரு பொத்தானை வலப்பக்கம் நகர்த்துவாள். ஒரு இடத்தில் தவறினாலும் அத்தனையும் இடப்பக்கம் திரும்பிவிடும். பத்தும் சேர்ந்தால்தான் கீழே விளையாடப் போகலாம். இன்றைக்கு மூன்று முறை திரும்பி வந்தாயிற்று. ஜன்னல் வெயில் சுவரில் மேலேறி மங்குகிறது. கீழே தோழி பொறுமையிழந்து சைக்கிள் மணியை அடிக்கிறாள். "கை இங்க இருக்கு, மனசு கீழ சைக்கிள் ஓட்டுது," என்கிறாள் அம்மா. மகள் வயலினை முகவாய்க்கடியில் இடுக்குகிறாள். அவள் கழுத்தில் கன்றிச் சிவந்த தடம். அதைப் பார்க்கப் பிடிக்காமல் அம்மா விரல்களைப் பார்க்கிறாள். முதல் வரி சுத்தமாக வருகிறது. இரண்டாவதும் வருகிறது. அடுத்தது சுண்டுவிரல் எட்ட வேண்டிய இடம். மூன்று முறையும் அங்கேதான் சறுக்கியது. தவறு இதோ வருகிறது, இதோ வருகிறது என்று காத்திருந்ததில் அம்மா இதுவரை பாட்டையே கேட்கவில்லை. சட்டென்று வில் தந்தியின்மேல் நின்றுவிடுகிறது.

"ஏன்டி நிறுத்திட்ட?"

மகள் கண்ணால் மேசையைக் காட்டுகிறாள். அம்மாவின் கை ஒன்பது பொத்தான்களையும் வாரிக்கொண்டு, இடப்பக்கம் பாதி தூரம் வந்திருக்கிறது.

"நான் இன்னும் தப்பு பண்ணவே இல்லையேம்மா."

மூடிய கைக்குள் பொத்தான்கள் வியர்வையில் நனைகின்றன. அந்தக் கையை எந்தப் பக்கம் திறப்பதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை.