குடிக்காத காபி

"வர்றவங்க காபியைக் கையில வாங்கி, குடிக்காமக் கீழ வைப்பாங்க. உடனே இளகிப் போய் 'கேட்டதைக் கொடுத்தேன், குடிங்க'ன்னு சொல்லிடாதே அண்ணே. ஆறட்டும், விடு" என்றான் தம்பி நவ்வாஃப்.

தைசீர் மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டார். ரொட்டி வாங்கப் போனவரை ஒரு வெள்ளை பிக்கப் வண்டி இடித்துத் தள்ளிவிட்டுப் போய் ஒரு மாதமாகிறது. அன்றிலிருந்து வீட்டில் யோசனைக்குப் பஞ்சமில்லை. போலீசில் எழுதிக் கொடு, கடை கடையாகக் கேமரா பார், வக்கீலைப் பிடி. எல்லாம் செய்தாயிற்று. வண்டிதான் அகப்படவில்லை.

"எனக்குக் கேஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்டா" என்றார் தைசீர். "விழுந்து கிடந்தப்போ வண்டி கொஞ்சம் நின்னுச்சு. இறங்கி வருவான்னு பார்த்தேன். போயிட்டான். அவன் வந்து 'நான்தான்'னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும், தூங்கிடுவேன்."

"வியாழக்கிழமை பெரிய மனுஷங்க வர்றாங்க. முறைப்படி ஒண்ணு கேப்பாங்க, மறுத்துடாதீங்க" என்று மனைவி இன்ஆம் சொன்னபோது அவர் மாத்திரை மயக்கத்தில் இருந்தார். பாதிதான் காதில் ஏறியது. ஆனால் கரக் நகரில் பிறந்து வளர்ந்தவருக்கு ஊர் வழக்கம் தெரியாதா? இடித்தவன் குலத்துப் பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டு இப்படித்தான் வருவார்கள்.

வந்தார்கள். கடைசியாக உள்ளே வந்த இளைஞன் மாவுக்கட்டைப் பார்த்தான். அப்புறம் தலை நிமிரவே இல்லை.

மூத்தவர் ஏலக்காய் மணக்கும் கோப்பையை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார். "ஒரு கோரிக்கையோட வந்திருக்கோம் தைசீர். அது நிறைவேறாம இது தொண்டையில இறங்காது."

நவ்வாஃப் அண்ணனின் விலாவில் இடித்தான். தைசீருக்கோ எல்லாம் அலுத்துப் போயிருந்தது. ஸ்டேஷன் அலுத்தது, வக்கீல் அலுத்தார், கோபப்படுவதுகூட அலுத்துவிட்டது.

"கேட்டதைக் கொடுத்தேன். குடிங்க பெரியவரே."

எல்லாரும் முகம் மலர்ந்து குடித்தார்கள். தைசீர் இளைஞனைப் பார்த்தார். "உன்னை மன்னிச்சுட்டேன் தம்பி. கால் போனா போகட்டும். நடுரோட்டுல விட்டுட்டுப் போனியே, அதுதான் ஆறலை."

மூத்தவர் விழித்தார். "எந்த ரோடு? என்ன மன்னிப்பு? உங்க பொண்ணு ஹதீலை எங்க முஹன்னதுக்குக் கேட்டுல்ல வந்திருக்கோம். பொண்ணு கேக்கவும் இதே காபி முறைதானே!"

"பொம்பளைங்க நாங்க பேசி முடிச்சதைத்தானே அன்னிக்குச் சொன்னேன்" என்று திரைக்குப் பின்னாலிருந்து இன்ஆம் தலையில் அடித்துக்கொண்டாள்.

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. நவ்வாஃப்கூடச் சிரித்தான். தைசீருக்கு அவமானத்தில் முகம் சுண்டியது. "தப்பா நினைச்சுக்காதே தம்பி..." என்று இழுத்தார்.

முஹன்னத் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து மாவுக்கட்டின் அருகே மண்டியிட்டான்.

"நான்தான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, மாமா?"