நெய்னாரின் மீன் ஆணம்

ஒரு வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது. மூன்றாவது தடவையும் என் புருஷன் தோற்றுவிட்டார்.

மீன் ஆணம் என்று அவர் தந்த குழம்புக்குள் புத்தளத்து உப்பளம் பாதி கிடந்தது.

நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன். கிடந்தேனே தவிர, ஒப்பரேஷன் இன்னும் நடக்கவில்லை. அது நாளை மறுநாள். இது அதற்கான ஒத்திகை.

கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும், இனியும் தள்ளிப்போட்டால் உடம்பில் இரத்தம் மிஞ்சாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தபின் ஆறு கிழமைக்கு, தண்ணீர் நிரப்பிய கேத்தலைவிடப் பாரமான எதையும் தூக்கக்கூடாது என்று நர்ஸ் சொன்னாள். குந்தக்கூடாது, குனிந்து கூட்டக்கூடாது, திருவலையில் உட்கார்ந்து தேங்காய் திருவவும் கூடாது.

அப்படியென்றால் நான் எதற்கு வீட்டில் இருக்கிறேன் என்று கேட்டேன். நர்ஸ் சிரித்தாள். நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

மகள் றிஸானா கட்டாரில். கற்பிட்டி வீட்டில் ஜெமீலும் நானும் மட்டும்தான். அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். ஒரு பகல் முழுக்க நான் கட்டிலில் கிடப்பேன், அவர் ஆக்கித் தர வேண்டும். அதைத் தின்ன முடிந்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

மற்ற எல்லாவற்றிலும் மனிதர் கெட்டிக்காரர். கட்டில் கால்களுக்குக் கல் வைத்து உயர்த்தினார். அரிசி வாளியைத் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றினார். கட்டிலில் தொடங்கி, குசினி வாசலைத் தாண்டி, கக்கூஸ் வரை நைலோன் கயிறு கட்டி, பிடித்து நடக்கத் தோதாக முழத்துக்கு ஒரு வலை மிதப்பும் கோத்துவிட்டார். என்னைப் பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் அதைப் பிடித்து ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

சமையலில்தான் விழுந்தார்.

முதல் தடவை சோறு பசையானது. இரண்டாம் தடவை பருப்பு கரியானது. நானும் இரண்டு திகதிகளைத் தள்ளிப்போட்டேன். இரண்டு தடவையும் "அல்லாஹ்ட நாட்டம்" என்று சொல்லிவிட்டு, கடையில் கொத்து ரொட்டி வாங்கி வந்து வயிறாறத் தின்றார்.

இதற்கு மேல் எனக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. அதன் பெயர் நெய்னார்.

வடக்கில் சண்டை முடிந்ததிலிருந்து ஜெமீல் வருடத்தில் நான்கு மாதம் மன்னார்க் கரைக்குப் போய், மீனவர் கொட்டிலான வாடியில் தங்கி மீன் பிடிக்கிறார். அங்கே சமையலுக்கு நெய்னார் என்றொருவராம். ஊருக்கு வந்து என் சோற்றைத் தின்னும்போதெல்லாம் நெய்னாரின் மீன் ஆணம் பற்றித்தான் கதை. நெய்னார் புளியைக் கடைசியில்தான் விடுவாராம். நெய்னார் மாங்காய் ஒரு துண்டு போடுவாராம்.

வயிற்றெரிச்சலை அடக்கிக்கொண்டு, முகம் தெரியாத அந்த மனிதருக்கு நானும் வருடா வருடம் ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாயும் பெருநாளைக்கு உடுக்க ஒரு சாரமும் கொடுத்தனுப்பினேன்.

"பத்து வருசம் நெய்னார் நானாக்குப் பக்கத்துல இருந்து திண்டீங்களே, பாத்தாச்சும் பழகல்லியா?" என்று கேட்டேன்.

ஜெமீல் என் கையிலிருந்த கோப்பையை வாங்கினார்.

அந்த நேரம் பார்த்துச் சம்மாட்டி முத்தலிபு வந்தார். வாடியும் வள்ளங்களும் அவருடையவை. சுகம் விசாரிக்க ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். கதிரையில் உட்கார்ந்து, கயிற்றையும் மிதப்புகளையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தங்கச்சி, கெதியாச் சுகமாகி இவன வாடிக்கு அனுப்பி வைங்க. இவன்ட கையால மீன் ஆணம் திண்டு பழகின பொடியனுகள், வேற ஆள் ஆக்கினா சோத்துக் கோப்பையத் தள்ளி வைக்கிறானுகள்."

"ஏன், நெய்னார் நானா இல்லியா?"

"அது ஆரு நெய்னார்?" என்றார் சம்மாட்டி.

ஜெமீல் குசினிக்குள் போய்விட்டார்.

சம்மாட்டி எழும்பும்வரை நான் சிரித்த முகமாகவே இருந்தேன். பத்துப் போத்தல் ஊறுகாய். பத்துச் சாரம். அந்த மனிதரின் பிள்ளைகுட்டிகளுக்காக நான் துஆகூடக் கேட்டிருக்கிறேன்.

கயிற்றைப் பிடித்து, மிதப்பு மிதப்பாகக் குசினி வாசலுக்குப் போனேன். ஏசுவதற்கு நிறைய அடுக்கி வைத்திருந்தேன். அவருடைய முதுகைப் பார்த்ததும் "ஏன்?" என்று மட்டும்தான் வந்தது.

"ஊட்டுலயும் ஆக்கச் சொல்லுவாய் எண்டுதான் முதல்ல சொல்லல்ல."

"இப்ப?"

அடுப்பில் விறகை உள்ளே தள்ளினார்.

"இப்ப நல்லா ஆக்கினா, நீ போயிருவாய் புள்ள."

அவருடைய தங்கை லெய்லா ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போய், மறுநாள் உயிரில்லாத மையித்தாகத் திரும்பியவள். அது நெஞ்சு நோய், இது வேறு. நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. இந்த மனிதர் இரண்டு மாதமாக அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டு சோற்றைக் குழைய வைத்திருக்கிறார்.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அதை அவர் பார்க்கும் முன் முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

"அந்தச் சட்டியக் கொட்டுங்க. நெய்னார் ஆக்கிற மாதிரி ஆக்குங்க."

கட்டிலுக்குத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஒத்திகை ஒத்திகைதான்.

அரை மணித்தியாலத்தில் சோறும் புது ஆணமும் வந்தன. முப்பது வருடமாக இந்த வீட்டில் நான் ஆக்கிய எந்த ஆணமும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. இரண்டாம் தடவையும் சோறு போடச் சொல்லி வாங்கித் தின்றேன்.

அவர் கட்டிலோரத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி?"

விரலை நக்கிவிட்டு அவரைப் பார்த்தேன்.

"அத ஆஸ்பத்திரியால திரும்பி வந்து சொல்றன்."